நானூற்றுப் பதினோரு தேடல்கள்

மார்ச் 4, திங்கள்

சகலை இன்று எங்கள் அலுவலகத்தில் சேர்ந்தான். என் மனைவியின் தங்கை புருஷன். வீட்டு விசேஷங்களில் மூன்று மணி நேரம் பல்லைக் காட்டினால் போதும் என்றிருந்த ஆளை இனி தினமும் எட்டு மணி நேரம் பார்க்க வேண்டும்.

மேலாளரம்மா அவனை மேசை மேசையாக அழைத்துப் போனார். என்னிடம் வந்ததும், "இவரைத்தான் உங்களுக்குத் தெரியுமே. பதினோரு வருஷமா நம்ம பொதிப் பட்டியல் இவர் கையிலதான் இருக்கு" என்றார். "தெரியாம என்ன மேடம், எங்க அண்ணாவாச்சே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

நாங்கள் செய்வது ஒரு இயங்குதளம். நூலகம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்று பொது இடத்துக் கணினிகளில் ஓடுவது. அதில் போட்டுக்கொள்ளக்கூடிய ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதி. மொத்தம் ஆறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் பெயர், அது என்ன செய்யும் என்று ஒரு வரி, அதற்குத் துணையாக வேறு எந்தெந்தப் பொதி வேண்டும் என்ற குறிப்பு — எல்லாம் நான் எழுதியது. இங்கே எல்லோரும் 'பேக்கேஜ்' என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் 'பொதி' என்ற சொல்லைக் கொண்டுவந்ததே நான்தான். அதனால் எனக்குப் பட்டப்பெயர் பொதியார். கேலிதான். ஆனாலும் உள்ளூரப் பிடிக்கும்.

போகும்போது சகலை கேட்டான்: "இந்தப் பட்டியலை யாருண்ணா படிக்கிறாங்க?"

ஒன்றும் தெரியாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டு.

மார்ச் 7, வியாழன்

எல்லா மெஷினுக்கும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுகிறான். வந்து நாலு நாள் ஆகவில்லை. வெளியே நூலகங்களுக்கும் நம்பர் உண்டாம், நாற்பதிலிருந்து ஆரம்பமாம். ஜன்னல் பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்ததில் எனக்கு ஆறு. இத்தனை வருஷம் குப்பை கொட்டினவனுக்கு ஆறு! பிய்த்துப் பார்த்தேன். ஓரம் மட்டும் கிழிந்து வந்தது. நல்ல பசை.

மார்ச் 12, செவ்வாய்

இன்று அவன் தன் திட்டத்தைத் திரையில் போட்டுக் காட்டினான். தலைப்பே என்னைக் குத்தத்தான்: 'நம்ம பட்டியலில் ஒன்றைத் தேடி எடுப்பது எப்படி?' ஒரு காணொளி ஓடியது. மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் கடிதம் எழுத ஒரு மென்பொருள் தேடுகிறாள். என் பட்டியல் அகர வரிசையில் உருண்டுகொண்டே போகிறது. அவளுக்குச் சம்பந்தமே இல்லாத உதிரிப் பொதிகள், பொதிக்குள் பொதி, துணைக்குத் துணை. ஏழு நிமிஷம். கடைசியில் சரியானதைத் தொடுகிறாள். உடனே, 'இத்துடன் கீழ்க்கண்ட பதினான்கு பொதிகளும் நிறுவப்படும். சம்மதமா?' என்று கேள்வி வருகிறது. அந்தப் பெண் பயந்துபோய் 'இல்லை'யை அமுக்கிவிட்டு, காகிதத்தை எடுத்துக் கையால் எழுத ஆரம்பிக்கிறாள்.

சிரிப்பு அடங்கவே ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்தக் கேள்வியை எழுதியது நான்.

"நிறுவுக-ன்னா சிலை நிறுவற மாதிரி இருக்கு சார்" என்றான். வீட்டில் அண்ணா, கூட்டத்தில் சார். "மேடை போட்டு யாரையாவது கூப்பிட்டுத் திறந்து வைக்கணுமோன்னு பயப்படறாங்க. சும்மா 'போடு'ன்னு இருக்கட்டுமே."

நிறுவுக — போடு. நீக்குக — எடு. உதிரிகள் எல்லாம் உள்ளே மறைந்துவிட வேண்டும். பட்டியலில் முதலில் நிற்பது ஒரே ஒரு பெட்டி: 'என்ன செய்யணும்?' அதில் வாய்க்கு வந்தபடி அடித்தால் போதும். அதற்காகப் பொதியின் விவரங்களையும் பேசுகிற மாதிரியே மாற்றி எழுத வேண்டுமாம். 'சொல்லாளி — ஆவணங்களை யாத்துத் தொகுக்கும் கருவி' என்பது என் வரி. அவன் வரி: 'லெட்டர் அடிக்க.'

யாத்து! யாத்து என்று எழுத ஒரு நாள் முழுக்க யோசித்தேன் நான்.

மேலாளரம்மா கைதட்டினார். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடும்.

மார்ச் 17, ஞாயிறு

மாமியார் வீட்டில் சாப்பாடு. அவர் கணினியிலும் எங்கள் இயங்குதளம்தான்; ஆறு வருஷமாக அதைப் பராமரிப்பது நான். ஆனால் இன்று நான் உள்ளே நுழையும்போதே, "பெரிய மாப்பிள்ளை, இங்க வந்து பாருங்களேன், சின்ன மாப்பிள்ளை என்ன பண்ணியிருக்காருன்னு" என்கிறார். சகலை தன் புதுப் பட்டியலின் மாதிரி ஒன்றை அதில் ஏற்றியிருக்கிறான். மாமியார் ஒரு விரலால், "எழுத்து பெரிசா தெரியணும்" என்று அடித்தார். முதல் வரியிலேயே வந்து நின்றது. 'போடு'. அரை நிமிஷம். திரையெல்லாம் பெரிசு பெரிசாக எழுத்து.

"இது முன்னாடியே இருந்ததா மாப்பிள்ளை?" என்று என்னைக் கேட்டார்.

"இருந்தது அத்தை. திரைப்பெருக்கின்னு."

"அப்படின்னா?"

அப்படின்னா என்னவாம்! ஆறு வருஷமாகக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் படித்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? இல்லை — நான் கேட்டிருக்கலாமோ?

திரும்பி வரும் வழியில் மனைவி, "எதுக்கு இப்ப மூஞ்சியை அப்படி வச்சிருக்கீங்க?" என்றாள். வைத்திருக்கவில்லை, மூஞ்சியே அப்படித்தான் என்றேன்.

மார்ச் 25, திங்கள்

சோதனைப் பதிப்பு இன்று வெளியே போனது. எங்கள் அலுவலகம், இரண்டு நூலகம், ஒரு மருத்துவமனை. என் மனைவி வேலை பார்க்கும் நூலகமும் அதில் ஒன்று. முதலில் முந்நூறு பொதிகளுக்கு மட்டும் விவரம் மாற்றியிருக்கிறான். தேடிக் கிடைக்காத சொற்கள் எல்லாம் ஒரு கோப்பில் தானாகப் பதிவாகுமாம். கோப்புக்குப் பெயர் 'கிடைக்காதவை'.

என் சொற்களில் பதினேழு எனக்கு ரொம்பச் செல்லம். சொல்லாளி, ஒலியாடி, திரைப்பெருக்கி, படச்செதுக்கி... எல்லாமே அந்த முந்நூறில் மாட்டிக்கொண்டன. பெட்டியில் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். 'ஒண்ணும் கிடைக்கலையே' என்று வந்தது. பதினேழு தடவை.

மார்ச் 28, வியாழன்

இன்றும் பதினேழு. இன்றும் ஒண்ணும் கிடைக்கலையே.

ஏப்ரல் 3, புதன்

எழுதிவிடுகிறேன். இங்கே எழுதாமல் வேறெங்கே எழுத.

எனக்கு வயிறு எரிகிறது. அவன் நடையைப் பார்த்தால் எரிகிறது. சாப்பாட்டு மேசையில் அவனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தால் எரிகிறது. நூலகத்திலிருந்து 'ரொம்பச் சுலபமா இருக்கு' என்று ஒரு கடிதம் வந்தது, அதைப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். காப்பி எடுக்கப் போகும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன். அவன் கெட்டவனாக இருந்தால்கூடப் பரவாயில்லை. காலையில் காப்பி எடுக்கும்போது எனக்கும் சேர்த்து எடுத்துவந்து வைக்கிறான். சர்க்கரை எவ்வளவு என்றுகூடக் கேட்டு வைத்திருக்கிறான். மனுஷன் கெட்டிக்காரனா இருந்தா போதாதா, நல்லவனா வேற இருக்கணுமா?

காலையில் வந்ததும் முதல் வேலை பதினேழு சொற்களையும் அடித்துப் பார்ப்பதுதான். நகம் கடிக்கிற மாதிரி. விட முடியவில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

மேலாளரம்மா கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இருபத்தாறாம் தேதி கூட்டம். சரியென்று ஆகிவிட்டால் மிச்சமுள்ள பொதிகளுக்கும் விவரம் மாறும். பழைய வரிகள் மொத்தமாக அழிக்கப்படும். "உங்களுக்கு ஏதாவது ஆட்சேபம்னா சொல்லுங்க. ஆனா மனசுல படறதைச் சொல்லாம, கையில ஏதாவது ஆதாரத்தோட வாங்க" என்றார்.

ஆறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். என் பதினோரு வருஷம் வேறெங்கும் இல்லை, அதில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 25, வியாழன்

கிடைத்துவிட்டது!

'கிடைக்காதவை' கோப்பை இன்று மாலை முழுசாக இறக்கினேன். ஒரு மாதத்தில் என் செல்லச் சொற்களை எத்தனை தடவை தேடியிருக்கிறார்கள் என்று எண்ணினேன். நானூற்றுப் பதினொன்று! நம்ப முடியாமல் மறுபடி எண்ணினேன். அதே. எத்தனை பேர் என் சொற்களைப் பழகி வைத்திருக்கிறார்கள், பாவம், தேடித் தேடி ஏமாந்து போயிருக்கிறார்கள். மருத்துவமனையில், நூலகத்தில், என் முகம்கூடத் தெரியாத யாரோ 'ஒலியாடி' என்று அடித்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள்.

கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

அச்செடுத்தேன். தாளின் அகலம் போதவில்லை. கடைசிக் கட்டத்தில் ஏதோ எண்கள், அதை எடுத்துவிட்டுச் சொல், தேதி, நேரம் மட்டும் வைத்தேன். பதினொரு பக்கம். நாளைக்குப் பார்க்கலாம் சின்ன மாப்பிள்ளையை.

ஏப்ரல் 26, வெள்ளி

ஜெயித்துவிட்டேன்.

தாள்களை மேசையில் வைத்து, "நானூற்றுப் பதினோரு தடவை மேடம். மக்கள் கேட்கிறாங்க, நாம இல்லைன்னு சொல்றோம்" என்றேன். மேலாளரம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு சகலையிடம் தள்ளினார். அவன் முதல் பக்கத்தைப் பார்த்தான். தேதிகளை விரலால் தடவிக்கொண்டே போனான். நேரங்களையும். ஒரு தரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். முகம் சுருங்கிப்போயிருந்தது. எனக்கு அப்படி ஒரு குளிர்ச்சி.

"சார் சொல்றது சரிதான் மேடம்" என்றான். "பழைய சொல்லைத் தேடறவங்களுக்கும் கிடைக்கணும். எதையும் அழிக்க வேண்டாம். பேசற மாதிரி முதல் வரி, அதுக்குக் கீழ சாரோட சொல்லு சின்ன எழுத்துல. எதை அடிச்சாலும் வரும்."

அவ்வளவுதான். முடிந்தது. இவ்வளவு சீக்கிரம் மடங்குவான் என்று நினைக்கவில்லை. இரண்டாவது வரி, சின்ன எழுத்து — இருக்கட்டும். இருக்கிறது அல்லவா!

மனைவியிடம் சொன்னேன். "அவர் ஒண்ணுமே எதிர்த்துப் பேசலையா?" என்றாள். அதில் என்ன ஆச்சரியம் அவளுக்கு?

ஏப்ரல் 28, ஞாயிறு

மாமியார் வீட்டில் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மே 13, திங்கள்

மேலாளரம்மாவுக்கு நல்ல யோசனை ஒன்று வந்திருக்கிறது. வந்திருக்கவே வேண்டாம்.

"உங்க சொல்லை அவ்வளவு பிடிவாதமா தேடியிருக்காங்களே, அவங்க எந்த இடம்னு பாருங்க. ஒரு நன்றிக் கடிதம் அனுப்பலாம். அந்தக் கோப்புலயே மெஷின் நம்பர் இருக்குமே" என்றார்.

மெஷின் நம்பர். நான் அகலம் போதவில்லை என்று எடுத்தெறிந்த கடைசிக் கட்டம்.

திறந்தேன். 6. 6. 6. 6. கீழே இழுத்தேன். 6. இன்னும் கீழே. 6. திரையின் ஓரத்தில் பார்த்தேன். ஓரம் கிழிந்த ஸ்டிக்கரில், ஆறு.

அலுவலக மெஷின்கள் கணக்கில் வராது என்று நானாக நினைத்துக்கொண்டேன். யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. தினமும் பதினேழு. மார்ச் இருபத்தைந்திலிருந்து ஏப்ரல் இருபத்தைந்து வரை இருபத்து நாலு வேலை நாள், ஒரு நாள்கூட லீவு போடவில்லை. பதினேழை இருபத்து நாலால் பெருக்கினால் நானூற்று எட்டு.

என் முகம் தெரியாத அந்த யாரோ — நான்தான். என் சொல்லை நானே தேடி, நானே ஏமாந்து, அதை நானே எண்ணி, அதற்கு நானே அழுது... அட கடவுளே, மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கறது? எல்லாத் தேடலும் காலை ஒன்பதரைக்கு! சனி ஞாயிறு ஒன்றுகூட இல்லை! அதைக்கூடப் பார்க்காமல் பதினொரு பக்கம் அச்செடுத்து மேசையில் போட்டேனே. அவன் விரலால் தடவியது அதைத்தான். தேதியை. நேரத்தை.

அவனுக்குத் தெரியும்.

மே 14, செவ்வாய்

காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் பிடித்தேன். யாரும் இல்லை.

"சகலை, ஒண்ணு கேட்கணும். அந்தக் கூட்டத்துல... அது நான்தான்னு உங்களுக்குத் தெரியுமா?"

கோப்பையைக் கீழே வைத்தான். "தெரியும்ண்ணா. ஸ்டிக்கர் ஒட்டினதே நான்தானே. முதல் வாரத்திலேயே கோப்புல பார்த்தேன்."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கல? அவ்வளவு பேர் முன்னாடி என் மூக்கை உடைச்சிருக்கலாமே?"

"ஒரு ஆள் நானூறு தடவை தேடியிருக்காரு. அவருக்கும் கிடைக்கணும் இல்லையாண்ணா? அதுக்குத்தானே பட்டியல்."

அவனை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, கோப்பையைத் தூக்கி அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. சர்க்கரை சரியாகப் போட்டிருந்தான் வேறு.

"மேடம்கிட்ட நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன். கடிதம் அனுப்பியாச்சுன்னு..." என்று ஆரம்பித்தான். வேண்டாம் என்றேன். அவன் தயவில் இன்னொரு நாள் ஜெயிக்க எனக்குத் தெம்பில்லை.

நேராக உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே. "மேடம், அந்த நானூறும் நான் அடிச்சது. ஏமாத்தணும்னு செய்யல. கவனிக்கல." மேலாளரம்மா கண்ணாடியைக் கழற்றினார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியபோதுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"அப்ப நன்றிக் கடிதத்தை உங்க மேசையிலேயே வச்சிடறேன்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஆனா ஒரு ஆளுக்காக ஆறாயிரம் வரியைக் கட்டி அழ முடியாதே" என்றார்.

சகலை என் பின்னாலேயே வந்து நின்றிருந்திருக்கிறான். "மொத்தம் நானூற்றுப் பதினொண்ணு மேடம். சாரோடது நானூற்று எட்டு. மூணு வெளியிலிருந்து வந்திருக்கு" என்றான்.

"மூணு?"

"நாற்பத்து மூணாம் நம்பர் மெஷின். நூலகம். மூணும் 'ஒலியாடி'. மூணு பேர் தேடறாங்கன்னா வச்சுக்கலாம் மேடம். இடத்தையா அடைக்குது?"

மேலாளரம்மா கையை அசைத்தார். இருந்துவிட்டுப் போகட்டும் என்பது போல. மூன்று பேர் தயவில் என் பதினோரு வருஷம் பிழைத்தது.

மே 15, புதன்

நேற்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டினேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். அந்த மூன்று பேரைப் பற்றிச் சொன்னதும் மடிப்பதை நிறுத்தினாள்.

"நாற்பத்து மூணு என் மேசை மெஷின்."

"என்னது?"

"பாட்டு கேட்கணும்னு ஒருத்தர் வந்தாரு. அவருக்குப் போட்டுத் தரலாம்னு உட்கார்ந்தேன். ஒலியாடின்னுதான் கை போச்சு. வரலை. தப்பா அடிச்சுட்டேனோன்னு மறுபடி அடிச்சேன். அதுவும் வரலை. இன்னொரு தடவை அடிச்சேன். அப்புறம் அவரே எட்டிப் பார்த்து, 'பாட்டு கேட்கன்னு அடிங்கம்மா'ன்னாரு. வந்துருச்சு."

"உனக்கு எப்படி ஒலியாடி தெரியும்?"

"நல்லா கேட்டீங்க! அந்த வார்த்தை வச்ச அன்னிக்கு வீடு பூரா சொல்லிக்கிட்டே திரிஞ்சீங்களே. குளிக்கும்போதுகூடச் சொன்னீங்க. எட்டு வருஷம் ஆச்சு. எனக்கு அதுக்கு வேற பேரே தெரியாது."

மூன்று பேர் இல்லை. ஒரே ஒருத்தி. அதுவும் என் வீட்டுக்குள்ளேயே.

இதை அலுவலகத்தில் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். சகலைக்குத் தெரிந்திருக்குமோ? நாற்பத்து மூன்றாம் ஸ்டிக்கரையும் அவன்தானே ஒட்டியிருப்பான்.

மே 24, வெள்ளி

மிச்சப் பொதிகளுக்கு முதல் வரி எழுத ஆரம்பித்தோம். ஒரே மேசையில். 'பொதிவிரிப்பான்' என்பதைப் பேச்சில் எப்படிச் சொல்வது என்று இரண்டு பேரும் அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் நான்தான் சொன்னேன்: 'சுருட்டி வந்ததைப் பிரிக்க.' அவன் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு, "இது எனக்குத் தோணலையேண்ணா" என்றான். முகத்தில் ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது வந்து போனது. எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். இரண்டு மாதமாகக் கண்ணாடியில் பார்த்த முகம்.

வீட்டுக்கு வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

மாமியார் வீட்டில் எல்லோரும். "மாப்பிள்ளை, இதுல பாட்டு கேட்க வழி உண்டா?" என்றார். இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எழுந்தோம். சகலை உட்கார்ந்துவிட்டான்.

பெட்டியில் அடித்தேன், 'போடு'வை அமுக்கினேன், அரை நிமிஷத்தில் முடிந்தது. முடிந்த பிறகுதான் கவனித்தேன். பெட்டியில் இருந்தது 'பாட்டு கேட்க'. என் கைதான் அடித்திருக்கிறது. மனைவியும் பார்த்துவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

மாமியார் மூக்கை ஒட்டினாற்போல் திரையருகே வந்து, கீழே சின்ன எழுத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஒ-லி-யா-டி. ஒலியாடி! அட, அழகா இருக்கே. இதை யாரு போட்டது?"

சகலை வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன்.

"சின்ன மாப்பிள்ளைதான் போட்டாரு அத்தை" என்றேன்.

பொய் இல்லை. அந்த வரியை அங்கே போட்டது அவன்தான்.